நாலு லீட்டர் குடித்த திங்கட்கிழமை

எனக்கு நாற்பத்தாறு வயதில் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. மூலமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எல்கடுவவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அப்போது மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவர்தான் என் முகம் வெளிறிப்போயிருப்பதைக் கவனித்து, கேட்டுக் கேட்டு உண்மையை வாங்கி, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று கண்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலைக்கு நாள் குறித்தார்கள்.

எப்படித் தயாராக வேண்டும் என்பதை ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். சனி, ஞாயிறு கீரை, காய்கறி, விதையுள்ள பழம் எதுவும் கூடாது. வெள்ளைச் சோறும் வெள்ளைப் பாணும் பரவாயில்லை. திங்கட்கிழமை சாப்பாடே இல்லை. பாலில்லாத சாயத்தண்ணி, இளநீர், குளுக்கோஸ் குடிக்கலாம். சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்கக் கூடாது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு பாக்கெட் மருந்துத் தூளை, ஒன்றுக்கு ஒரு லீட்டர் தண்ணீர் என்று கரைத்து, கால் மணிக்கு ஒரு கிளாஸ் வீதம் முடிக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு போகத் தொடங்கிவிடும், பாத்ரூமை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையோடுதான் நான் பஸ் ஏறினேன். நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய அறை வீடுகளில். ஆறு காம்பராவுக்கும் சேர்த்துக் கீழே இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றுக்குக் கதவில்லை. இருபத்துமூன்று படி இறங்க வேண்டும். தண்ணீரை ஊற்றுப் பீலியில் பிடித்து வாளியில் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் படியெல்லாம் வழுக்கும். குடலுக்குள் என்ன இருக்கப்போகிறதோ என்று பயப்பட வேண்டிய நான், இரண்டு வாரமாக அந்தப் படிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். காம்பராவுக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் நாலு கம்பு நட்டு, உரச்சாக்கால் சுற்றி மறைத்து, உள்ளே ஒரு வாளி வைத்துவிடலாம் என்றார். கம்பும் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக் காம்பரா ஜன்னல் நேராக அங்கேதான் பார்க்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள் என்று நான் சொன்னதும் கம்புகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

சனிக்கிழமை குளுக்கோஸ் வாங்கக் கடைவீதிக்கு இறங்கினேன். நாங்கள் எப்போதும் சாமான் வாங்குவது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடையில். கணவர் மாத்தளைக்குச் சரக்கெடுக்கப் போனால் மனைவிதான் கடையில் நிற்பார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர்கள் அக்காவைக் கூப்பிடும் வழக்கப்படி நானும் அவரை ராத்தா என்றே கூப்பிடுவேன். குளுக்கோஸ் யாருக்கு என்று கேட்டார். கடையில் நின்ற இரண்டு ஆண்கள் போகும்வரை பருப்பு விலை, தேங்காய் விலை எல்லாம் விசாரித்துவிட்டு, பிறகு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

ராத்தா நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"லயத்துல எப்பிடி டீச்சர் சமாளிப்பீங்க?" என்றார்.

பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன்.

"பாக்க என்ன ஈக்கிது? திங்கக்கிழம காலைல எங்கட ஊட்டுக்கு வாங்க. பாத்ரூம் உள்ளுக்கே ஈக்கிது, டேங்க்ல தண்ணி ஈக்கிது. ராவைக்கும் தங்குங்க. அவர் கடையில படுத்துக்குவார்."

அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் செய்கிற காரியமா இது? என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல.

"நான் மூணு புள்ள பெத்தவ. எனக்கிட்ட உங்களுக்கு என்ன வெக்கம்?" என்று சொல்லிக்கொண்டே குளுக்கோஸைப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு பையில் இரண்டு உடுப்பும் துவாயும் மருந்து பாக்கெட்டுகளும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் மூன்று அறையுள்ள சின்ன வீடு. பாத்ரூமுக்கு அடுத்த அறையில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார். நாலு போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் பிரிட்ஜில் இருந்தது. குளிர்ந்திருந்தால் மருந்து ருசி அவ்வளவாகத் தெரியாது என்று யாரையோ கேட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு மணிக்கு முதல் கிளாஸ். உப்பும் வழுவழுப்புமாக, சவர்க்காரத் தண்ணீருக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டது மாதிரி இருந்தது. மூன்றாவது கிளாஸில் குமட்டியது. ராத்தா ஒரு தேசிக்காயை வெட்டிக் கையில் கொடுத்தார். குடித்தவுடன் அதை முகர்ந்தால் குமட்டல் அடங்கியது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கால் மணிக்கொருமுறை கிளாஸை நீட்டினார். நடுவில் அவருடைய கல்யாணக் கதையைச் சொன்னார். கதை பாதியில் நிற்கும். நான் எழுந்து ஓடுவேன். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பழுதாகிப்போன இடத்தில் மட்டும் நாலு முறை எழுந்து போயிருப்பேன். ஐந்தாவது முறை வந்து உட்கார்ந்தபோது, "இன்னும் பஸ் வரல்ல" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அந்தச் சிரிப்போடேயே மறுபடி ஓட வேண்டியதாயிற்று.

பின்னேரம் நாலரை மணிபோல எனக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் சமையல் வாசனையே இல்லை. அடுப்புப் பற்றவில்லை. ராத்தா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

"இண்டைக்குத் திங்கக்கிழம. நோன்பு புடிச்சிருக்கேன். திங்களும் வியாழனும் புடிக்கிறது நல்லம்."

எல்லாத் திங்கட்கிழமையும் பிடிப்பீர்களா என்று கேட்டேன். கிளாஸில் மருந்தை ஊற்றிக்கொண்டே, "ஏலுமான நேரத்துல" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பசித்திருக்கும் ஒருத்திக்குப் பக்கத்தில் தாளிக்கிற வாசனை வரக் கூடாது என்று அவர் நினைத்திருந்தால், அதைச் சொல்லவைப்பது சரியில்லை என்று பட்டது.

ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் ஃபெக்டரியிலிருந்து நேரே வந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி, எத்தனை கிளாஸ் முடிந்தது என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். இன்னும் மூன்றுதானா என்று சந்தோஷப்பட்டார், ஏதோ நான் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவள் போல. கடைசி கிளாஸ் முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ராத்தா பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்கு இளநீர் தந்தார். வயிறு காலியாகி, உடம்பு பஞ்சுபோல் இருந்தது. அப்படியொரு நிம்மதியான நித்திரை எனக்கு அந்த இரண்டு மாதத்தில் வந்ததே இல்லை.

செவ்வாய் காலை வீட்டுக்காரரும் நானும் தெரிந்தவரின் த்ரீவீலில் கண்டிக்குப் புறப்பட்டோம். வடக்கு கிழக்கில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். வத்தேகமைக்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள். வரிசை நகரவில்லை. அந்த நேரம் பார்த்து என் வயிறு மறுபடி புரண்டது.

பெண்களைச் சோதிக்க ஒரு பொலிஸ்காரி நின்றாள். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. அவளிடம் போய் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டி, சிங்களத்தில் நிலைமையைச் சொன்னேன். கடிதத்தை வாசித்தாள். அட்டையில் என் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கைப்பையைத் திறந்து துழாவிவிட்டு, வாங்கம்மா என்று சிங்களத்தில் சொல்லி, பாதைக்குக் கீழே அவர்கள் பாவிக்கும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் வெளியே வரும்வரை என் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். திரும்பி வந்ததும் எங்கள் த்ரீவீலை முன்னால் விடச் சொன்னாள். தன் அம்மாவுக்கும் இதே பரிசோதனை செய்ததாகவும், நோகாது என்றும் சொன்னாள். நான் அதற்குள் அவளுக்கு ஆயுள் நூறு என்று மனதுக்குள் வாழ்த்தி முடித்திருந்தேன்.

அவள் சொன்னது ஏறக்குறைய சரி. இடது பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லிக் கையில் ஊசி போட்டார்கள். வயிறு ஊதியதுபோல் ஒரு முட்டு வந்து போனது. திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் தெரிந்தது. நன்றாகச் சுத்தமாகியிருக்கிறது என்று டொக்டர் நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சின்னச் சதை முளையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கென்டீனில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். அந்தப் பருப்பில் உப்புக்கூடச் சரியில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஊசி மயக்கம் முழுதாகத் தெளியாமல், வரும் வழியெல்லாம் த்ரீவீல்காரரிடம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை விளக்கிக்கொண்டு வந்தேனாம். அவரும் மரியாதையாக 'ஓமுங்க டீச்சர், ஓமுங்க' என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. முளையில் கெட்டது ஒன்றுமில்லை. ஐந்து வருடம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அன்றைக்குக் கண்டியிலிருந்து பத்தரை மணி பஸ்ஸிலேயே திரும்பி, நேரே பாடசாலைக்குப் போனேன். இன்னும் ஒரு பாடத்துக்கு நேரமிருந்தது. பிள்ளைகளைக் கொப்பியை எடுக்கச் சொன்னேன்.