கச்சான் காலத்து ஆட்டங்கள்

கால்பந்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், குருசடித் திடலில் வெயிலிலும் புழுதியிலும் நின்று தொண்டை கட்டக் கத்தியதுதான் தகுதி. என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் அணிக்குக் கேப்டன். என் தம்பி முன்வரிசையில் ஆடுகிறவன். சோறு குழைந்துபோனால் கண்டுகொள்ளாமல், கார்னர் வீணானதற்கு மட்டும் வருத்தப்படுகிற வீடு எங்களுடையது.

தூத்துக்குடிக் கரையோர ஊர்களில் பந்துக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்து எல்லாம் கரைக்கு ஏறிவிடும். அந்தத் தடை முடிவதற்குள் கச்சான் காற்று கிளம்பி, மேற்கேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். கடல் கலங்கிவிட்டால் சங்கு குளிக்கிறவனுக்கு அடியில் தன் கையே தெரியாது. ஆகவே ஊர் ஆண்கள் மொத்தமும் தரையில். சும்மா விட்டால் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்து யாரோ ஒரு புண்ணியவான் பந்தை உருட்டிவிட்டிருக்க வேண்டும்.

தம்பி சங்கு குளிக்கப் போகிறவன். புதிதாக ஆழத்துக்கு இறங்குகிறவனுக்குக் காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல வலிக்கும். வலித்தால் மேலே வா என்று எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். பொறுத்துக்கொண்டு இறங்கு, காது உடையட்டும், உடைந்துவிட்டால் அப்புறம் வலியே இராது என்பார்கள். அவன் காதிலிருந்து ரத்தம் வந்த அன்று வீட்டில் ஒருவரும் பதறவில்லை. "இனி எந்த ஆழத்துக்கும் போவாம்லா" என்று அப்பா சந்தோஷப்பட்டார். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினோம். சீழ் வைத்தது, வற்றியது, மறுபடி வைத்தது. சில வருஷங்களில் இரண்டு காதும் போயின. ஊரே அப்படித்தான் செய்தது, யாரை நோவது? இருந்தாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வான். வெளியூர்க்காரர்களுக்குச் சந்தேகமே வராது. ஆனால் டவுன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காதுக் கோளாறு தலைச்சுற்றலில் கொண்டுவிட்டிருக்கிறது, அடியில் வைத்து மயக்கம் வந்தால் ஆள் மேலே வர மாட்டான், சங்கு குளிப்பதை விடச் சொல்லுங்கள் என்றார். விட்டுவிட்டு என்ன வேலைக்குப் போவான் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

போன வருஷத்து முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. ஆஃப்சைடு என்று நடுவர் விசில் ஊதியாகிவிட்டது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். இவன் மட்டும் ஓடிப்போய் கோல் அடித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்பினான். கட்டிப்பிடிக்க ஒருவரும் வரவில்லை. எதிர் ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நடுவரோ, தன்னை மதிக்கவில்லை என்று மஞ்சள் அட்டையை நீட்டினார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் அணியைக் கூட்டினார். "ஏலே, விசில் சத்தம் கேட்டா எவன் எங்கன நின்னாலும் கையத் தூக்கிரணும். அவன் பாத்துக்கிடுவான்."

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. விசில் ஊதினால் அணி முழுக்கக் கையைத் தூக்கும். ஓரத்தில் நிற்கிற பெண்கள் நாங்களும் தூக்குவோம். குடை வைத்திருக்கிறவள் குடையைத் தூக்குவாள். காரணம் தெரியாமல் இதை ஒரு ஸ்டைல் என்று நினைத்து, அடுத்த ஊர் இளவட்டங்கள் ரீல்ஸ் போட்டார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அரையிறுதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எதிரணி கோல்கீப்பர் உதைத்த பந்தைக் கச்சான் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்து நிற்க, தம்பி மட்டும் காற்றின் போக்கைக் கணித்து ஓடி, தலையால் தட்டி உள்ளே தள்ளினான். "இது ஒங்க கோலு இல்ல, காத்து போட்ட கோலு" என்று அந்த ஊர்க்காரர்கள் கடைசிவரை புலம்பினார்கள்.

இறுதியாட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அணியின் கோச் வந்திருந்தார். எடுத்தால் நிரந்தர வேலை, தரையில் வேலை. தம்பி இரண்டு கோல் அடித்தான். கோப்பையோடு ஊர் கூடிக் கொண்டாடும்போது அவர் பின்னாலிருந்து "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். இவன் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தான். அவர் முகம் சுருங்கிவிட்டது. திமிர் பிடித்தவன் என்று நினைத்தாலும் போச்சு, செவிடன் என்று தெரிந்தாலும் போச்சு. நான் குறுக்கே பாய்ந்து, "அவன் கூச்சக்காரன் சார்" என்று சொல்லி, அவன் தோளைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். தேர்வுக்கு மதுரைக்கு வரச் சொன்னார்.

அதற்குள் தடைக்காலம் முடிந்து என் வீட்டுக்காரர் படகுக்குப் போய்விட்டார். நான் வேலை பார்க்கிற இறால் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நான்தான் தம்பியோடு போனேன். மதுரைத் திடலில் காற்றே இல்லை. எல்லாரும் முன்பின் தெரியாத பையன்கள். விசில் ஊதியதும் அவர்கள் பாட்டுக்கு நின்றார்கள், இவன் பந்தோடு ஓடினான். நான் ஓரத்திலிருந்து கையைத் தூக்கிக் கொண்டே இருந்தேன், அவ்வளவு பெரிய திடலில் நான் அவன் கண்ணில் படவில்லை. மறுபடியும் அப்படியே நடந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோச் மெதுவாக நடந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். ஓங்கிக் கைதட்டினார். தம்பி திரும்பவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டம் எப்போது தொடங்கும் என்று முன்னால் நின்ற பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூக்கியிருந்த கையை நான் இறக்கிக்கொண்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. தேர்வு முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். "பையன் பிரமாதமா ஆடுறாம்மா. ஆனா காது கேட்காதவனை எப்படி எடுக்கிறது? மெடிக்கல்ல நிக்காது. வேற வழி இல்லைம்மா" என்றார். கொஞ்சம் தள்ளி தம்பி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும்வரை யோசித்து, ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அவன் முகத்துக்கு நேரே திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஒன் ஆட்டம் அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. இப்ப எடம் இல்லயாம். காலியானதும் கூப்புடுதேன்னு சொல்லுதாரு."

நான் முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்கா, அவரு ஒங்கிட்ட பேசும்போது எனக்கு எதிரதான நின்னாரு" என்றான்.

பஸ் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கம் ஒன்றும் தெரியவில்லை, வாய்விட்டு அழுதேன். அவன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுக்கா. கடலுக்குப் போறவனுக்கு யாரு காதப் பாக்கா?"

கச்சான் ஓய்ந்து கடல் தெளிந்ததும் சங்கு குளிக்க முதல் வள்ளத்தில் போனான். மறித்து நிறுத்தி, அதை விட்டு இந்த வேலைக்குப் போ என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.