மாட்டுத் தரகர் சோறு கொண்டுபோன மலை

ஹொங்சொன் மாட்டுச் சந்தையில் மா பொங்சுல்லின் குரல் கேட்காத நாளே கிடையாது. நோஞ்சான் கிடாரியைக்கூட, "அது கண்ணப் பாருங்க, உங்க வீட்டுக்கு வரத் துடிக்குது" என்று யார் தலையிலாவது கட்டிவிடுவார். வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்ததும் சந்தை கலைந்தது. நாற்பது வயதில், தொப்பையோடு, அவரைத் தெற்குப் படைக்குச் சுமை தூக்கப் பிடித்துப் போனார்கள். நானும் அதே அணிதான். முதுகில் மரச்சட்டத்தை மாட்டி, மலை உச்சிப் பதுங்குகுழிகளுக்குச் சோற்றுருண்டை சுமப்போம். பைன் மரங்களெல்லாம் குழிகளுக்குக் கூரையாகிவிட்டதால், மலையில் மிஞ்சியவை அடிக்கட்டைகளே.

ஒருநாள் காலை, மூடுபனி. வழியில் குண்டுகள் விழ, தரையோடு தரையாகப் படுத்தோம். எழுந்தபோது தரகர் மாவைக் காணோம்.

பனியில் திசை தவறிய அவர், கண்ணில் பட்ட முதல் குழிக்குள் நுழைந்திருக்கிறார்.

"என்னப்பா தூக்கம்? சோறு வந்திருக்கு, எந்திரிங்க!"

இருட்டிலிருந்து மூன்று பேர் பாய்ந்து வந்து, வாய் பேசாமல் தின்றார்கள். மூத்தவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"உப்புக் கொறச்சல்வே."

வடக்கத்திப் பேச்சு! விடிவதற்கு முன் அந்தக் குழி எதிரி கைக்கு மாறியிருந்தது. மூத்தவன் துப்பாக்கியை எடுத்தான்.

"நீரு தெக்கத்தி ஆளா?"

"ஆமா, ஹொங்சொன். அத விடுங்க, இந்தத் தம்பி கால் அழுகுதே! கீழ டாக்டர் இருக்காரு. சுடுசோறு, முள்ளங்கி ஊறப்போட்ட கிம்ச்சி எல்லாம் இருக்கு. வாங்க போவோம்."

"போனா சுட்டுருவானுவ."

"நான் முன்னால போறேன். இந்த வயித்தத் தாண்டி எந்தக் குண்டு வரும்?"

அடிபட்டவன்தான் முதலில் சிரித்தான். மூத்தவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"கிம்ச்சி நெசந்தானா?"

"சத்தியமா. கொஞ்சம் புளிச்சிருச்சு."

"புளிச்சாத்தான்வே ருசி."

துப்பாக்கிகளைக் குழியிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள்.

எங்கள் சுமையை மேலே இறக்கிவிட்டுக் கீழே திரும்பியிருந்த நாங்கள், அவர் செத்துவிட்டதாக நினைத்துக் கண் கலங்கி நின்றோம். பனிக்குள்ளிருந்து அந்தச் சந்தைக் குரல் வந்தது: "சுடாதீங்கடா, நான்தான்! சாப்பாட்டுக்கு மூணு பேரக் கூட்டியாறேன்!" முதுகுச் சட்டத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்னால் இருவர், தங்கள் வெள்ளை உள்சட்டையைக் கம்பில் கட்டிப் பிடித்தபடி.

எங்கள் அணியின் கேப்டன் ஓடி வந்தார். "அண்ணே, கையில ஒரு குச்சிகூட இல்லாம எப்படி?"

மா பதில் சொல்வதற்குள் மலையிலிருந்து தொலைபேசி அலறியது. "எங்க குழிக்குச் சோறு எங்கய்யா? பசி உயிர் போகுது!"

"இன்னொரு தடவ ஏறணுமா!" என்று தலையில் கை வைத்தார் மா. ஆனாலும், மருத்துவர் காலுக்குக் கட்டுப்போடும்வரை அவர் நகரவில்லை. கேப்டனின் கிம்ச்சி ஜாடியைக் கேட்டு வாங்கி, மூவருக்கும் நடுவில் வைத்தார். மூத்தவன் ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி?"

"எங்க வீட்டுது மாதிரியே இருக்குவே."

அதைக் கேட்டுவிட்டுத்தான் மா சட்டத்தை மாட்டினார். இந்த முறை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.