வெர்னா வழியாக

“அவர்கிட்ட பேசாதீங்க. என்னப் பாத்துப் பேசுங்க” என்று சொல்லிக்கொண்டே வெர்னா சாஃபி பச்சைப் பாட்டில் ஒன்றைத் தொட்டியில் எறிகிறார். எதிரே இரண்டு பேர் ஒரு மேசை விளக்கை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கில் ஒரு கொட்டகை உண்டு. வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம். அங்கே கிடந்த விளக்கு அது. யார் கண்ணில் முதலில் பட்டது என்பதுதான் வழக்கு. இருவரும் வெர்னாவின் முகத்தைப் பார்த்தே மாறி மாறி முறையிடுகிறார்கள். கடைசியில், ஒருவருக்கு வேண்டியது விளக்கின் மேல்கூடு மட்டும்தான் என்று தெரியவருகிறது. வெர்னா தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. அடுத்த பாட்டிலை எடுக்கிறார்.

ஆள் குள்ளம், அகலம். கோடையிலும் ரப்பர் பூட்ஸ். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி எந்த நிறத்தில் பிறந்ததென்று இப்போது சொல்ல முடியாது. வெர்மாண்ட் மாநிலத்தின் இந்த மலைமூலையில் வீடு தேடிக் குப்பை வண்டி வராது. ஆகவே சனிக்கிழமை காலையில் ஊரே தன் குப்பையைத் தூக்கிக்கொண்டு, கிடங்கைக் கவனித்துக்கொள்ளும் வெர்னாவிடம் வந்தாக வேண்டும். பணக்காரனும் வருவான், பரதேசியும் வருவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்பார்கள். யார் வீட்டில் என்ன குடிக்கிறார்கள், யார் குடியை விட்டார்கள், யார் விட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை.

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அதே வெர்னா தொப்பியைக் கழற்றி, தலையை வாரி, ஊர்ச்சபை மேடையில் ஏறுவார். சபையை நடத்தும் தலைவராக வருடாவருடம் அவரையே தேர்ந்தெடுக்கிறோம். எதிர்த்து நிற்க யாருக்கும் தைரியமில்லை என்பதல்ல, பொறுமையில்லை. மண்வாரி இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்று காலை முழுக்க நடக்கும் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்க வேறு யாரால் முடியும்? பாகு காய்ச்சச் சாறு இறக்குவதற்காக மேப்பிள் மரத்தில் குழாய் அடிக்கிற சின்னச் சுத்தியல்தான் அவருடைய செங்கோல். யார் பேசினாலும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், எதிராளியைப் பார்க்கக்கூடாது என்பது சபையின் பழைய விதி. அந்த விதி அவருக்கு எவ்வளவு பிடித்துப்போனதென்றால், குப்பைக் கிடங்குக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டார்.

தலைவருக்குக் கருத்து இருக்கக்கூடாது. வெர்னா இதையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர். எங்கள் ஊரில் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும், துப்பாக்கி விஷயத்தில் யார் எந்தக் கட்சி என்று ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும். வெர்னாவின் வண்டியில் இருப்பது குப்பைக் கிடங்கு அனுமதித் தாள் மட்டும். அவர் வீட்டுச் சுவரில் மான் கொம்பும் இருக்கிறது, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் இருக்கிறது. அதே சுவரில், பள்ளிக்கூடங்களில் இறந்த பிள்ளைகளுக்காக மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற ஊர்வலத்தின் படமும் இருக்கிறது. படத்தில் முன்வரிசையில் நிற்பது அவருடைய சிநேகிதி ஜூடித். கொம்புக்குரிய மானைச் சுட்டது வெர்னாவின் தம்பி ராய்ஸ். இருபது வருடமாக இந்த ஊர்ப் பனியை அள்ளுகிற நானும் எத்தனையோ தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். “ரெண்டும் சொவத்துல தொங்குதில்ல? சொவரு விழுந்துடுச்சா?” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வெர்னா வீட்டில். ராய்ஸ் மனைவியை இழந்தவர், ஜூடித் தனியாள். இரண்டு பேருக்கும் அந்த மேசையில் நிரந்தர நாற்காலி உண்டு. ஒன்பது வருடமாக இருவரும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து, அரசியலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிச் சிரித்தவர்கள். போன இலையுதிர் காலத்தில் அது நின்றுபோனது. சண்டைக்குக் காரணம் ஊருக்குச் சொந்தமான சரளைக் குழி.

ரோட்டுக்குச் சரளை அள்ளிய பள்ளம் அது. மூன்று பக்கமும் மண்மேடு. குண்டு வெளியே போகாது என்பதால், வேட்டைக்காரர்கள் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துக்கொள்வது அங்கேதான். நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தவர் வெர்னாவுக்கும் ராய்ஸுக்கும் தகப்பனார். ஜூடித் அதற்கு எதிர்வீட்டை வாங்கியது நடுக்குளிர்காலத்தில். பனி மூடிக்கிடந்த குழியை அழகான வெள்ளை மைதானம் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் தெற்கே ஒரு நகரத்தில் ஆசிரியையாக இருந்தவர். ஒரு நாள் அவருடைய பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஜூடித் தன் வகுப்புப் பிள்ளைகளோடு அலமாரி அறைக்குள் ஒளிந்திருந்து உயிரோடு வெளியே வந்தார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. குழியில் வெடிச்சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்பது மட்டும் வெர்னாவுக்குத் தெரியும். வருடங்கள் போனால் பழகிவிடும் என்று ஜூடித் காத்துப் பார்த்தார். பழகவில்லை. குழியில் சுடுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று மனு எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டார்.

அந்த வார ஞாயிறு ராய்ஸ் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அப்பா கொடுத்த இடத்தை நேற்று வந்தவர்கள் பூட்டுவதா என்று கோபம். ஆனாலும் கோபத்துக்கு ஒரு முறை வேண்டாமா? குளிர்காலம் முழுக்க ஜூடித் வீட்டு வாசல் பனியை ராய்ஸ்தான் வண்டியால் தள்ளிக்கொடுத்தார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஜூடித்தும் வழக்கம்போல் ஆப்பிள் கேக் செய்து வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, அவர் எடுப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். இவ்வளவு மரியாதையான பகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெர்னாவுக்கு அந்தக் குளிர்காலம் சரியாகத் தூக்கமில்லை. ஓட்டு சமமாக விழுந்தால் தலைவர் தன் ஓட்டைப் போட்டே ஆகவேண்டும். அவருக்கு அப்படி ஒரு நாள் இதுவரை வந்ததில்லை. “சமமா வந்துதுன்னா நான் வாயத் தொறக்கணும். தொறந்தா ஒரு நாற்காலி போச்சு. வராட்டியும் எவனோ ஒருத்தன் ஜெயிப்பான், அப்பவும் ஒரு நாற்காலி போச்சு” என்று என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். பாட்டில் தொட்டியின் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

சபை நாளில் மண்டபம் நிறைந்து ஈரக் கம்பளி வாடை வீசியது. இரண்டு கட்சியும் காலை முழுக்க வெர்னாவைப் பார்த்துப் பேசின. கடைசியாகப் பேசிய ராய்ஸும் ஜூடித்தும், பழக்கமில்லாத இரண்டு பேர் தபாலாபீஸில் பேசுவதுபோல் பேசினார்கள். ஓட்டுக்கு விடும் நேரத்தில் வெர்னா சுத்தியலைத் தட்டி, பொதுப் பந்திக்கு வைத்த பீன்ஸ் குழம்பு ஆறிப்போகிறது, சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டுப் போடலாம் என்று இடைவேளை விட்டார். பரிமாறும் வரிசையில் யார் யாருக்கு என்ன வேலை என்பதையும் அவரே ஒதுக்கியிருந்தார். பீன்ஸ் அண்டாவுக்கு ராய்ஸ். பக்கத்தில் முட்டைக்கோஸ் சாலட்டுக்கு ஜூடித். மந்திரம் போட்டுக் கட்டியதுபோல் இருவரும் கரண்டியோடு நின்றார்கள்.

தட்டுகள் நகர்ந்தன. வெர்னா ரொட்டிக் கூடையோடு நடுவில் வந்தபோது, ஜூடித் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “தலைவரம்மா, அவர்கிட்ட சொல்லுங்க. எனக்குச் சத்தம்கூடப் பெருசில்ல. அது எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருக்கேன் பாருங்க, அதான் தாங்கல.”

ராய்ஸ் கரண்டியைத் தூக்கியபடியே நின்றார். “எப்பன்னு தெரிஞ்சா?” என்று நேராகக் கேட்கப்போய், அக்காளின் பார்வையைக் கண்டு திருத்திக்கொண்டார். “தலைவரம்மா, எப்பன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க.”

“வீட்ல இருக்கமாட்டேன். வேற என்ன பண்றது?”

இந்த இடத்தில் வெர்னா ஒரு கேள்வி கேட்டார். அது கேள்வியா, யோசனையா, தலைவர் அப்படிக் கேட்கலாமா என்று ஊரில் இன்றுவரை வழக்கு நடக்கிறது. ரொட்டியை அடுக்கிக்கொண்டே, “சனிக்கிழமை காலைல நீ எங்க இருப்ப, ஜூடித்?” என்றார்.

“எங்க இருப்பேன், எல்லாரையும் போல உன் குப்பையிலதான்.”

ராய்ஸின் கரண்டியிலிருந்து பீன்ஸ் சொட்டி, தட்டு நீட்டியவரின் கையில் விழுந்தது. அந்தக் கை என்னுடையது. சூடாகத்தான் இருந்தது.

மதியம் ராய்ஸ் எழுந்து மனுவுக்கு ஒரு திருத்தம் சொன்னார். குழியைப் பூட்ட வேண்டாம்; குப்பைக் கிடங்கு திறந்திருக்கும் சனிக்கிழமை காலையில் மட்டும் சுடலாம்; சுடுமுன் குழியின் கேட்டில் வேட்டைக்காரரின் ஆரஞ்சுச் சட்டையைத் தொங்கவிட வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எல்லாரும் சுட வருகிற ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்ததில் அவருடைய கூட்டாளிகள் கொதித்தார்கள். வழிமொழிவது யார் என்று வெர்னா கேட்டதும் ஜூடித் கையைத் தூக்கினார். அவரோடு கையெழுத்து வாங்க அலைந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராய்ஸின் கூட்டாளி, டிராக்டர் மெக்கானிக் எல்வுட், “இடத்தக் கொடுத்தா மடத்தப் பிடுங்குவாங்க” என்றார். மனுவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய கான்ஸ்டன்ஸ், இது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை என்றார். குரல் ஓட்டில் ஒன்றும் விளங்கவில்லை. சம்மதிப்பவர்கள் அடுப்புப் பக்கம், மறுப்பவர்கள் பியானோப் பக்கம் போய் நிற்கும்படி வெர்னா சொன்னார். அப்போதுதான் அந்தக் காட்சி. அடுப்புப் பக்கம் ராய்ஸும் ஜூடித்தும். பியானோவை ஒட்டி, ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத எல்வுட்டும் கான்ஸ்டன்ஸும் தோளோடு தோள். அவர்கள் திரும்பி யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்த பார்வையைக் கண்டு மண்டபமே சிரித்தது. கான்ஸ்டன்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எண்ணியவர்கள் மறுபடியும் எண்ணினார்கள். வெர்னா சுத்தியலின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சில ஓட்டு வித்தியாசத்தில் அடுப்பு ஜெயித்தது. அவர் ஓட்டுப் போட வேண்டியிருக்கவில்லை. போட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். “மண்டபத்தக் கூட்டணும், அந்தத் தொடப்பத்த எடு” என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் ஜூடித் கையுறை மாட்டிக்கொண்டு வெர்னாவோடு நிறவாரியாகப் பாட்டில் பிரிக்கிறார். நடுவில் மலை இருப்பதால் இங்கே ஒரு சத்தமும் கேட்பதில்லை. ராய்ஸுக்குத்தான் ஒரு சிக்கல். சுடும் நேரமும் குப்பை நேரமும் ஒன்றாகிவிட்டதால், தன் குப்பையை எப்போது கொட்டுவது? திருத்தம் சொன்னவருக்கே இது தோன்றவில்லை. இரண்டு வாரம் மூட்டைகள் அவர் கொட்டகையில் நாறின. மூன்றாவது வாரம் கேட்டில் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிய கையோடு, ஒரு குப்பை மூட்டையையும் ஜூடித்தின் தபால் பெட்டி அடியில் வைத்துவிட்டுப் போனார். ஜூடித் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வாராவாரம் அப்படியே நடக்கிறது. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன ஞாயிறு ராய்ஸ் சாப்பிட வந்தார். அன்று எனக்கும் அழைப்பு. வாசலில் பூட்ஸை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்துவிட்டு உள்ளே வந்து, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஜூடித். வெர்னா மான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தார்.

ராய்ஸ் தட்டைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார். “தலைவரம்மா, உப்பு அந்தம்மா பக்கத்துல இருக்கு. இப்படித் தள்ளச் சொல்லுங்க.”

ஜூடித் உப்புச் சாடியை எடுத்து வெர்னாவிடம் நீட்டினார்.

வெர்னா அதை வாங்கவில்லை. கையிலிருந்த மரக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் மேசையில் ஒரே ஒரு தட்டு. “கூட்டம் கலைஞ்சாச்சு” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ரொட்டி கருகுகிறதா என்று பார்க்க எழுந்து உள்ளே போனார். சுட்ட ரொட்டியெல்லாம் அப்போதே கூடையில் என் முன்னால்தான் இருந்தது.