துணி கட்டிய பாட்டில்கள்

கழுத்தில் பழைய சேலைத் துணி முடிந்த காலி மருந்து பாட்டில்கள். காலை பத்து மணிக்கு ஜீப்காரர் அவற்றை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைப்பார். திருப்பத்தூரில் நான் மெடிக்கல் திறந்த புதிது. அவர் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். மதியத்துக்குள் திரும்ப ஏறிவிடுவார். மலையில் குழந்தைக்குச் சளி பிடித்தால், முன்பு குடித்துத் தீர்த்த பாட்டிலை அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். மருந்துச் சீட்டு அதுதான். எந்த வீட்டுப் பாட்டில் என்று தெரிவதற்குத்தான் துணி. "செவப்பு கொல்லைமேட்டு அம்மாளுது, பச்ச எங்க அக்கா வூட்டுது. இன்னா எழுதியிருக்குதோ அதையே குடுங்க சார்" என்பார். நானும் பெயரைப் பார்த்து அதையே எடுத்துக் கொடுப்பேன். ஒரு பாட்டில்கூட வீடு மாறிப் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. எனக்கும்தான். மருந்தாளுநர் படிப்பு படித்துவிட்டு, பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றிக் கொடுப்பதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு புளி சீசனில் நீலத் துணி கட்டிய பாட்டில் ஒன்று வந்தது. "இது புது வூடு சார். இப்பதான் மொதோ தடவ குடுத்தாங்க" என்றார். முதல் தடவையாக மருந்து வாங்கும் வீட்டுக்குக் காலி பாட்டில் எங்கிருந்து கிடைத்தது? ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. கடையில் கூட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அன்று கூட்டமும் இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகலில், வராத நேரத்தில் வந்து நின்றார். கையில் பை இல்லை. "அந்த நீலத்துணி வூட்டு கொழந்த பூடுச்சி சார்" என்றார். பாட்டில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாம். அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. இந்தக் குழந்தைக்கு எட்டு மாதம். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அளவையே தாய் கொடுத்துவிட்டு, புளி பொறுக்கப் போன இடத்தில் மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருக்கிறாள். மூக்கடைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சிணுங்கிய குழந்தை அயர்ந்து தூங்கவும், மருந்து கேட்டுவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பால் கட்டி மார் வலித்த பிறகுதான் தூக்கிப் பார்த்திருக்கிறாள். தலை நிற்கவில்லை. ஜீப் மலையிறங்கி முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சளி நெஞ்சில் இறங்கியதாலா மருந்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நாலு வயதுக்குக் கீழே இதைக் கொடுத்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அது பாட்டிலிலும் இருந்தது, பொடி ஆங்கில எழுத்தில். பாட்டில் கைமாறிய வரிசையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நீங்க வயசு கேட்டிருக்கலாம் சார்" என்றார். பிறகு, "நானும் கேட்டிருக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக வயது கேட்டு வந்து சொன்னார். சின்னக் குழந்தை என்றால் நான் சளி மருந்து தரமாட்டேன். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு கொடுத்து, தாய்ப்பால் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். இரண்டே மாதம்தான். சின்ன வயதைச் சொன்னால் மருந்து வராது என்று மலைக்குத் தெரிந்துவிட்டது. "இப்பல்லாம் மேல அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச கொழந்தையே இல்ல சார்" என்றார், சிரிக்காமல். தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூக்கடைத்துச் சிணுங்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பவளிடம், மருந்து வேண்டாம், பொறுத்திரு என்றால் அவள் எப்படிப் பொறுப்பாள்? கடைசியில் அவர் பாட்டில் வாங்குவதையே நிறுத்தினார். ஆட்கள் வேறு ஜீப்புக்கு மாறினார்கள். அவர் வண்டியை விற்றுவிட்டார். அடிவாரத்தில் இருக்கிறார் என்று கேள்வி. என் கடைப் பக்கம் வருவதில்லை.

இப்போது காலி பாட்டில் வருவதில்லை. செல்போனில் அதன் படம் வருகிறது. போன வாரம் வேறொரு டிரைவர் படத்தைக் காட்டினார். வயது கேட்டேன். "அஞ்சுண்ணா" என்றார், தயாராக.

"நல்லா பேசுதா? ஓடி ஆடுதா?"

"நான் கொழந்தைய பாத்ததே இல்லண்ணா. போட்டோதான் அனுப்பிச்சாங்க."

விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன். மேலே டவர் கிடைக்காது என்றார். உப்புநீர்ச் சொட்டை எடுத்து வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைத் தொடாமலே ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனார். நான் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் காகித உறையோடு திரும்பி வந்து ஜீப்பில் ஏறினார். வயது கேட்டு முடிக்கிற அளவுக்குக்கூட அவர் அங்கே நிற்கவில்லை.