மாமா போனுக்குப் போன ஓடிபி

அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் ஒன்றுதான், அவள் வீட்டுக்காரர், என் மாமாவுடையது. திண்டிவனத்தில் ஸ்கேனுக்குப் பதிவு செய்தபோது, கண்ணைத் திறக்க முடியாமல் என் தோளில் சாய்ந்தபடி அதைத்தான் சொன்னாள். மாமா அப்போது மரக்காணத்துக் கடலில் இருந்தார். அவர் வலையோடு கிளம்பும்போது அக்காவுக்கு இருந்தது வெறும் தலைவலி. மற்றதெல்லாம் அதன் பிறகு வந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் உடனே விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார்கள். "படமெல்லாம் கிளவுடுல ஏத்திட்டோம்ங்க. அங்க டாக்டரே லிங்க்ல பார்த்துக்குவாரு" என்றாள் ஸ்கேன் சென்டர் பெண். ஆம்புலன்ஸில் லிங்க் அச்சடித்த ரிப்போர்ட் தாளை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

விழுப்புரத்து டாக்டர் லிங்கைத் திறந்தார். அது ஓடிபி கேட்டது. ஓடிபி மாமா போனுக்குப் போய்விட்டது.

"இன்னொரு தடவை எடுத்துடலாமே சார்?" என்றேன்.

"கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தித்தான் எடுக்கணும்மா. இவங்க கிட்னி வீக்கா இருக்கு. உடனே திரும்ப ஏத்த யோசனையா இருக்கு. ரிப்போர்ட்டுல கட்டியாவும் இருக்கலாம், ரத்தம் உறைஞ்சும் இருக்கலாம்னு போட்டிருக்கு. படத்தைப் பார்க்காம நான் எப்படி முடிவு பண்றது?"

ஸ்கேன் சென்டருக்கு போன் செய்தேன்.

"நம்பர் மாத்தணும்னா பேஷண்ட் நேர்ல வரணும்ங்க."

"பேஷண்ட் இங்க நினைவில்லாம கெடக்கறாங்கம்மா."

"சிஸ்டம் அப்படித்தான் கேக்குதுங்க. நான் இன்னா பண்றது?"

நானே போய்க் கேட்கலாமென்றால், அக்காவோடு இருக்க வேறு ஆள் இல்லை. வாந்தி எடுக்கும்போதெல்லாம் அவளை ஒருக்களித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கையில் அக்கா, ஒரு கையில் போன். மாமாவுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அதே குரல். படம் எங்கோ இருந்தது, பத்திரமாக. எங்களால்தான் தொட முடியவில்லை. சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் தாண்டி ரிங் போனது. படகு கரையை நெருங்கியிருக்க வேண்டும். டாக்டர் லிங்கைத் திரும்பத் திறந்தார்.

"மாமா, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். ஜல்தியா சொல்லுங்க."

"சிக்னல் கெடச்சதும் வரிசையா வந்துக்கினே கெடக்குதே! எவனோ பேங்க்ல கை வெக்கிறான்னு நெனச்சேன். இன்னாத்துக்கு அது?"

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நேரம் போனால் அந்த நம்பர் செல்லாது.

"அக்கா ஆஸ்பத்திரில இருக்குது மாமா. மூளைல ஏதோ. டாக்டர் படம் பார்க்கணும். நம்பரச் சொல்லுங்க."

மோட்டார் சத்தம் நின்றது. பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மூன்றாவது எண்ணில் குரல் உடைந்தது. நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

டாக்டர் திரையை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "கட்டி இல்ல. ரத்தம்தான் உறைஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம். மருந்துல கரைச்சிடலாம்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமா சாயங்காலம் வந்தார், உடம்பெல்லாம் உப்புப் பூத்தபடி. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். அக்கா கண் விழிக்க இரண்டு நாளானது. வீடு திரும்பியும் இடது கையில் பிடிமானம் முழுசாக வரவில்லை. மீன் ஆய்வது இப்போது மாமாதான்.