வெறும் டேப்பு அனுப்பக் கூடாது

முதலில் "டக்" என்று ஒரு சத்தம். பிறகு தொலைவில் எங்கோ சோளம் பொரிவது போன்ற ஓர் இரைச்சல், அதற்குள் ஒரு மின்விசிறி சுற்றும், யாரோ இருமுவார்கள், எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் உரசும். இவ்வளவும் ஆன பின்புதான் என் அப்பாவின், நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாவின், குரல் வரும்: "அன்புள்ள மனைவி பட்டம்மாவுக்கு உன் கணவன் எழுதிக்கொள்வது என்னவென்றால்..." எழுதவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த நைனா, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் குவைத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தார். அவர் போய் ஆறு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் செங்கல் பருமனில் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொடுத்தனுப்பினார். எங்கள் தெருவில் அதுதான் முதல் பெட்டி. அதை இயக்கும் உரிமை, பத்து வயதான என்னுடையது. முதல் கேசட்டிலேயே எனக்குத் தனியாக உத்தரவு வந்திருந்தது: "கண்ணு, கேசட்டு முதுகுல ரெண்டு சின்ன பல்லு மாதிரி கீது பாரு, அத்த ஒடச்சிடாத. ஒடச்சிட்டா அதுமேல இன்னொரு தபா பேச முடியாது. அப்பால அந்த கேசட்டு நமக்கு ஒதவாது." நான் அந்தப் பற்களைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பார்த்துக்கொண்டேன்.

எங்களிடம் இருந்தது மொத்தம் மூன்றே கேசட்டுகள். ஒன்று அங்கே, ஒன்று இங்கே, ஒன்று வழியில். அவர் பேசி அனுப்பியதைக் கேட்டு முடித்ததும், அதன்மேலேயே நாங்கள் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அதன்மேல் அவர் பேசுவார். இப்படிப் பேச்சின்மேல் பேச்சாக ஏறிக்கொண்டே போனதில் பழைய பேச்சு என்று எதுவும் மிஞ்சவில்லை. அதை ஒரு நஷ்டமாக அன்றைக்கு யாரும் நினைக்கவும் இல்லை.

நைனாவின் கடிதம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நலம், வெயில், சாப்பாடு, தம்பிக்குச் சளி விட்டதா, அவ்வளவுதான். முப்பது நிமிஷம் ஓடும் கேசட் பக்கத்தில் மிச்சம் இருபது நிமிஷம் சும்மா கிடக்கும். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். அதையே நைனா டேப்புக்கும் கொண்டுவந்தார். "வெறும் டேப்பு அனுப்பக் கூடாது" என்று சொல்லி, கடிதம் முடிந்ததும் பெட்டியை அணைக்காமல் அறையின் நடுவில் வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்த அறையில் நடந்த வாதம் அப்படியே அம்பத்தூருக்கு வந்து சேரும்.

அந்த அறையில் மூன்று பேர். நைனா ஒருவர். பூந்தமல்லி மஸ்தான் பாய் இன்னொருவர், ஊரில் அவர் குடும்பம் மளிகை வியாபாரம். மூன்றாமவர் வேப்பம்பட்டு ஏழுமலை, வெல்டர், கல்யாணம் ஆகாதவர், மூவரிலும் குரல் பெரிது அவருக்குத்தான். மூன்று பேரும் இருந்த ஊர் குவைத், பேசிய பேச்சு முழுக்க இந்தியா. தேர்தலில் யார் வந்திருக்க வேண்டும், யார் வந்தது தப்பு, ரேஷனில் ஏன் புழுங்கலரிசி நாறுகிறது என்று, பொட்டலம் கட்டிவந்த பழைய பேப்பரையும் கரகரக்கும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு நாட்டை ஆண்டார்கள். அந்த வருஷம் ஊரில் வெங்காயம் விலை ஏறியிருந்தது. குவைத் கடைகளிலோ நம்மூர் வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊர்ல ஜனங்க கண்ணுல காட்றதில்ல, இங்க மலையாட்டம் குவிச்சி வெச்சிகினு கீறான். மொதல்ல கப்பல நிறுத்தணும்" என்பார் ஏழுமலை.

"கடையத் தொறந்து வெச்சிகினு சரக்கு இல்லன்னா எவன் வருவான்? நாம வெங்காயம் குடுக்கறோம், அவன் எண்ண குடுக்கறான். ரெண்டு பேரும் காயிதத்துல கையெழுத்து போட்டு கீறான். எவ்ளோ போவணும், எவ்ளோ வரணும், எந்நாளுக்குள்ள வரணும், அல்லாம் அதுல கீது. அதுக்குப் பேருதான் ஒப்பந்தம்" என்பார் பாய்.

"அது சரி பாய், ஒப்பந்தம் போடறப்ப நம்மளாண்ட ஒரு வார்த்த கேட்டானா? அந்த வெங்காயத்தயும் துன்றவன் நானு, அந்த எண்ணயிலயும் வேல செய்யறவன் நானு!" என்று மேஜையைத் தட்டுவார் நைனா. ஊரில் இருந்தவரை தெருக்குழாய்ச் சண்டைக்குக்கூட வாய் திறக்காத மனிதர் அவர். கடல் தாண்டியதும் எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் வீட்டு முற்றத்தில் தெரு முழுக்கக் கூடும். புருஷன் பெண்டாட்டிக்கு அனுப்பிய கடிதத்தை நாற்பது பேர் கேட்பார்கள். அங்கேயும் அப்படித்தான், அம்மா பேசுவதைப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து கேட்பார்களாம். கடிதப் பகுதி முடியும்வரை பெண்கள் கேட்பார்கள், வெங்காயம் தொடங்கியதும் ஆண்கள் நகர்ந்து முன்னால் வருவார்கள். டேப்பில் ஏழுமலை பேசினால் இங்கே பாதிப்பேர் கைதட்டுவார்கள், பாய் பேசினால் மீதிப்பேர். ஒப்பந்தம் என்பது நைனாவும் அரசாங்கமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தாள் என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வரைபடத்தில் குவைத்தைத் தேடிப் பார்த்தபோது அது வெட்டியெறிந்த நகத்துண்டு அளவுதான் இருந்தது. இத்தனூண்டு இடம் அத்தனை வெங்காயத்தையும் எங்கே வைத்துக்கொள்ளும் என்ற கேள்வி என்னை வெகுநாள் அரித்தது.

ஒருநாள் அம்மாவோடு பூந்தமல்லிச் சந்தைக்குப் போனபோது வெங்காயக்காரரிடமே கேட்டுவிட்டேன்: "இது குவைத்துக்குப் போவுமா?" அவர் சிரித்தார். "அங்க போறது இது இல்ல பாப்பா. பெருசா, கெட்டியா, ஒரே சைஸா பொறுக்கி மூட்ட கட்டிடுவாங்க. நசுங்கனது, மொளவுட்டது அல்லாம் நமக்கு." அம்மா நசுங்கியதில் அரைக்கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு அந்தப் பெட்டியின் முன்னால் பேசவே வராது. "நாங்க சௌக்கியம், நீங்க சௌக்கியமா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். மிச்ச டேப்பை நிரப்புவது என் வேலை. பதினாறாம் வாய்ப்பாடு, எஸ்டேட் சங்கு, "கோலமாவே" என்று கூவிக்கொண்டு போகிறவர், எதிர் வீட்டுச் சேவல், எல்லாம் குவைத் போயின. பேசத் தொடங்கியிருந்த தம்பிக்கு நைனாவின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். பெட்டியின் வலைக்கண்ணில் கையை வைத்து "நைனா" என்பான். நாங்கள் சிரிப்போம். அம்மா மட்டும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிய வேண்டும். தையில் வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு டேப்பிலும் நைனா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சுவரில் இருந்த காலண்டரில் தையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் வந்த டேப்பிலும் கடிதப் பகுதியில் அதையேதான் சொன்னார். பிறகு வழக்கம்போல் வாதம். தன் நாட்டுக்காரனுக்கு வைத்துக்கொண்டு மீந்ததைத்தான் விற்க வேண்டும் என்று நைனா அன்றைக்கு ஏழுமலையையும் மிஞ்சிப் பேசினார். கோபம் வந்த பாய், "அவ்ளோ ரோசம் கீறவன் ஊருக்குப் போயி பேச வேண்டிதானே" என்றார். உடனே ஏழுமலை சிரித்துக்கொண்டே, "எங்க போறாரு அண்ணாத்தே? இன்னும் ரெண்டு வருசத்துக்கு காயிதம் வாங்கியாந்து பொட்டில வெச்சிகினு கீறாரு, கையெழுத்துதான் பாக்கி!" என்றார்.

நைனா என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், டேப் முடிந்தது. முற்றத்தில் இருந்த ஆண்கள் கப்பலை நிறுத்தலாமா கூடாதா என்று பேசிக்கொண்டே எழுந்து போனார்கள். யாருக்கும் அந்த வரி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "அந்த எடத்த திருப்பிப் போடு" என்றாள். மூன்று முறை போட்டேன்.

மறுநாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தவள், என் கையை நகர்த்திவிட்டுச் சிவப்புப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

"இன்னாங்க, நான்தான் பேசறேன். பாய் அண்ணே, ஏழுமல தம்பி, நீங்களும் கேளுங்க. வெங்காயத்த குடுக்கலாமா வாணாமான்னு நாலு மாசமா பேசறீங்க. எண்ண மேலயே குந்திகினு கீறீங்க, இங்க நானு ரெண்டு லிட்டரு கிருஷ்ணாயிலுக்கு டின்னத் தூக்கிகினு வெயில்ல நிக்கறேன். சரி, அது போவட்டும். வெங்காயம் போனா எண்ண வரணும்னு காயிதத்துல எழுதிக்கறாங்கன்னு பாய் அண்ணன் சொன்னாரு. ஆளுங்க போறீங்களே, அதுக்கு எந்த காயிதம்? எந்நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும்னு யாரு எழுதி வாங்கனாங்க? சந்தையில கெட்டி வெங்காயமா பொறுக்கி ஏத்திட்டு நசுங்கனத நமக்குன்றான். மனுசனயும் அப்டித்தான் ஏத்தறான். கெட்டியா கீற வரைக்கும் அங்க. முதுவு கூனிப்போயி வந்தப்பறம் இங்க. தையில வரேன்னு என்னாண்ட சொல்லிட்டு, காயிதம் வாங்கி வெச்சத ஏழுமல வாயால நான் கேக்கணுமா? இந்தப் புள்ள பொட்டியத் தொட்டு நைனான்றான். வரதுன்னா வாங்க. வரலன்னா அத்தயாவது நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க. அவ்ளோதான்."

அவளோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தவர்கூட அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டிருக்க மாட்டார். வாசலில் நின்று கேட்ட எதிர் வீட்டு அக்கா, "இத்த அனுப்பாத பட்டம்மா, நாலு பேரு கேப்பாங்க" என்றார். "நாலு பேரு கேக்கத்தான் பேசினேன்" என்றாள் அம்மா.

அதற்குப் பின் ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அனுப்பியதை நினைத்து அம்மா பயந்தாள் என்பது எனக்கே தெரிந்தது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள், சில நாள் போடவே இல்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு கேசட் வந்தது. எங்கள் மூன்றில் ஒன்றல்ல, புதியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தெருவைக் கூப்பிடவில்லை. முதலில் மஸ்தான் பாய் பேசினார்: "தங்கச்சி, நீ பேசினத நாலு ரூமு ஆளுங்க வந்து கேட்டாங்க. ஒருத்தனும் எதுத்துப் பேசல." அப்புறம் நைனா. இந்த முறை "எழுதிக்கொள்வது" இல்லை. "பட்டம்மா, காயிதத்த திருப்பிக் குடுத்துட்டேன். சொல்லாத வெச்சிருந்தது தப்புதான். தையில வரேன்." அவ்வளவுதான். அதன் பிறகு வாதம் இல்லை, இருமல் இல்லை, வெறும் இரைச்சல். வெறும் டேப்பு அனுப்பாத மனிதர் முதல் முறையாக அனுப்பியிருந்தார். பக்கம் முடிந்து பொத்தான் தானாக எகிறும்வரை அம்மா அந்த இரைச்சலை உட்கார்ந்து கேட்டாள்.

சொன்னபடி தையில் வந்தார். பழைய எஸ்டேட்டிலேயே வேறொரு பட்டறையில் சேர்ந்தார். தம்பி ஒரு வாரம்வரை அவரிடம் போகாமல் பெட்டியிடமே போனான். வந்த புதிதில் நைனா டீக்கடையில் வெங்காயம், எண்ணெய்ப் பேச்சை எடுத்துப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை, பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பஸ் வருமா என்ற கவலை. கொஞ்சம் கொஞ்சமாக அவரும் நாட்டை ஆள்வதை விட்டுவிட்டார். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் ஊர்மேல் ஏன் அவ்வளவு வழக்கு என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. விடை கிடைத்தபாடில்லை.

மூன்றாவது கேசட் எங்கே என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அது கெட்டுப்போச்சி" என்றார். வீட்டில் இருந்தவற்றை நாங்கள் சும்மா விடவில்லை. புதிதாக வந்ததையும் சேர்த்து எல்லாவற்றிலும் ரேடியோப் பாட்டுகளைப் பதிந்தோம். "தையில வரேன்" என்று அவர் சொன்ன இடத்தில் இன்னார் விரும்பிக் கேட்ட பாடல் உட்கார்ந்தது. அதைப் பதிந்தவள் நான்தான்.

நைனா காலமாகிப் பல வருஷமாகிறது. முற்றம் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. தம்பியின் மகன் அதே வளைகுடாவில்தான் வேலை பார்க்கிறான், தினமும் கைபேசியில் முகம் காட்டிப் பேசுகிறான்; அவன் அறையில் வேறு யார் இருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் வீடு மாற்றும்போது நைனாவின் தகரப் பெட்டியின் அடியில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட் கிடைத்தது. எங்கள் மூன்றாவது கேசட். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பற்களும் உடைக்கப்பட்டிருந்தன.

டேப் ரெக்கார்டர் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எண்பதை நெருங்கும் அம்மாவின் பக்கத்தில் வைத்துப் போட்டேன். "இன்னாங்க, நான்தான் பேசறேன்" என்று முப்பது வயது அம்மா சண்டை பிடித்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, நைனாவின் பேச்சு ஏதாவது இருக்கிறதா, திருப்பிப் போட்டுப் பார் என்றாள். அம்மா பேசி முடித்த மிச்சத்திலும் மறுபக்கத்திலும் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குரல் எதிலும் இல்லை என்றேன்.

கேசட்டைக் கையில் வாங்கி, அந்த உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தாளுக்கு தோணிச்சி பாருடி. நாமளும் ஒண்ண ஒடச்சி வெச்சிருக்கணும்."