கூரையில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை

சோலார் போட வந்தவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "செட்டில் லா ஆன்ட்டி." எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று அர்த்தம். கம்பி வந்து சேரவில்லையா, செட்டில். ஆள் வரவில்லையா, செட்டில். கூரையில் ஓட்டை விழுந்து என் சோபா நனைந்ததா, அதுவும் செட்டில். நான் கோபக்காரி, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழ்ப் பள்ளிக் கேண்டீனில் வருஷக்கணக்காக இட்லியும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் விற்கிறவள். பிள்ளைகள் வரிசை தப்பினால் கரண்டியைத் தூக்குவேன். ஆனால் அந்த மனிதன் கொடுத்த எரிச்சலுக்குக் கரண்டியெல்லாம் போதாது.

எதற்குச் சோலார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மலைமேல், திரிங்காப் ஊரைத் தாண்டிக் கம்போங் ராஜா போகிற வழியில், தேயிலைக் காட்டை ஒட்டி இருக்கிறது. எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து நாங்களே கட்டியது. என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் வேலை பார்த்தவர். அந்தத் தூசியோ, அவர் ஊதித் தள்ளிய சிகரெட்டோ, இரண்டும் சேர்ந்தோ, நுரையீரல் கெட்டுப்போனது. இப்போது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் நிற்கிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருக்கிறவரைதான் அது ஓடும்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும். போன உடனே மெஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். நான் ஓடிப்போய் மூலையில் நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் சில மணி நேரம் தாங்கும். தீர்ந்தால் மாற்றிக்கொள்ள மலையிறங்கி ஈப்போ டவுனுக்குப் போக வேண்டும். பாதையும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மற்றவர்கள் பில் குறையட்டும் என்று சோலார் போடுகிறார்கள். நான் போட்டது அந்த மெஷினுக்காக.

கம்போங் ராஜாவில் இருக்கும் என் தங்கச்சிதான் இந்தக் கான்ட்ராக்டரைச் சொன்னாள். ஈப்போக்காரன், நம்ம தமிழ் ஆள், நாற்பது வயதிருக்கும். முதல் நாள் வந்தபோதே நான் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"இங்க பாருங்க தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். வெளிய கரண்ட் போனாலும் உள்ள இந்த மெஷின் ஓடணும். முடியுமா, முடியாதா?"

"பொலே லா ஆன்ட்டி, முடியும். அதுக்குப் பேட்டரி ஒண்ணு சேத்து வைக்கணும். வச்சிட்டா கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியாது."

"அப்ப வச்சிருங்க."

என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் அவர் முகத்தை நானும் கவனிக்கவில்லை. எனக்கு விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மீதிப் பேச்சையெல்லாம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று அவர் தலையில் கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. கூரையின் மேற்குப் பக்கம்தான் சோலார் தகடுகளை அடிப்பேன் என்று நின்றான். மத்தியான வெயில்தான் சூடு அதிகமாம். அது ஈப்போவில். எங்கள் மலையில் மத்தியானம் பனி இறங்கிவிடும், பிறகு மழை வரும். எங்களுக்கு வெயில் என்றால் காலை வெயில்தான். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும், துணி காயப்போடுகிற நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். மறுநாள் கேண்டீனை மூடிவிட்டு வந்து பார்த்தால், மேற்குப் பக்கம் தகடு மாட்டுகிற இரும்புச் சட்டங்களை வரிசையாக அடித்து வைத்திருக்கிறான்.

"நேத்து என்ன சொன்னேன் நானு?"

"மாத்திருவோம் லா ஆன்ட்டி. செட்டில்."

மாற்றினான். பழைய திருகாணி ஓட்டைகளை அடைக்காமல் மாற்றினான். அந்த வாரம் மழை பெய்தது, சோபா நனைந்தது. ஓட்டையை அடைக்க ஆள் அனுப்புகிறேன் என்றவன் ஆளையும் அனுப்பவில்லை, அவனும் வரவில்லை. போன் செய்தால் ஒரே பாட்டுதான்.

"கம்போங் ராஜா வரைக்கும் வந்துட்டேன் ஆன்ட்டி. ஒரே பனி. முன்னாடி போற லோரியே தெரியல. இதுல எப்படிக் கூரை ஏறுறது?"

நான் உடனே தங்கச்சிக்குப் போன் போட்டேன். "பனியா? மொளகாய காயப்போட்டிருக்கேன்க்கா, அப்படி ஒரு வெயிலு" என்றாள். திரும்ப அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்ப வெலகிருச்சு போல" என்கிறான். பொய் சொல்கிறவன் கொஞ்சம் வெட்கத்தோடாவது சொல்ல வேண்டாமா? கண்ணுக்குத் தெரியாத பனியை என் தலையில் இறக்கிவிட்டு, வாய்கூசாமல் பேசினான்.

இதில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது என் கணவரை நினைத்துத்தான். நான் வேலைக்குப் போன நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு சிநேகம். வீட்டுக்கு வந்தால் மேசைமேல் இரண்டு காலிக் கிளாஸ், பிஸ்கட் டின் திறந்தபடி. கூரையில் வேலை ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. நான் அவனைத் திட்டினால் இவருக்கு முகம் சுருங்கும்.

"பாவம்டி, விடு. அவன் மேல தப்பில்ல."

"வேற யார் மேல தப்பு? கூரை மேலயா?"

குழாயைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். பத்து வார்த்தை நான் பேசினால் ஒரு வார்த்தைகூடத் திருப்பித் தராத மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எப்படியோ ஒரு வழியாக வேலை முடிந்தது. கிழக்குப் பக்கம் தகடுகள் ஏறின, ஓட்டைகளைத் தார் பூசி அடைத்தார்கள், கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து மீட்டரையும் மாற்றிவிட்டுப் போனார்கள். அடுப்படிச் சுவருக்கு வெளியே ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பச்சை விளக்கோடு மாட்டியிருந்தது.

"இதுதான் பேட்டரியா?" என்று கேட்டேன்.

கான்ட்ராக்டர் என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தான். பிறகு குனிந்து கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"அதேதான்" என்றார் என் கணவர்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திட்டின நானே அவனுக்கு மீன் கறியும் சோறும் போட்டு அனுப்பினேன். பச்சை விளக்கை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். இனி மரம் விழட்டும், மலையே சரியட்டும், எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. வளைவில் காய்கறி லோரி ஒன்று கரண்ட் கம்பத்தில் மோதியிருக்கிறது, அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஃபேன் நின்றது, மெஷின் பீப் பீப் என்று கத்தியது. நான் பதறவில்லை. "இருங்க, இப்ப நம்ம கரண்ட் வந்துரும்" என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு எரிகிறது. கூரைமேல் தகடுகளில் கண் கூசுகிற வெயில். உள்ளே வந்தபோது அவருக்கு உதடு நிறம் மாற ஆரம்பித்திருந்தது. சிலிண்டரைத் திறக்கும்போது சாவி இரண்டு முறை நழுவியது. குழாயை மாற்றி, அவர் மூச்சு ஒரு நிலைக்கு வருகிறவரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு போனை எடுத்தேன்.

நான் கத்திய கத்தல் தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "ஏன்டா, வெயிலு மேல காயுது, கீழ என் புருஷன் மூச்சு முட்டிச் சாகக் கெடக்குறாரு. இதுக்குத்தான் இத்தன மாசம் என் உயிர வாங்குனியா? எங்கடா பேட்டரி?"

செட்டில் என்று சொல்வான், சொன்னால் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"செவுத்துல இருக்குறது தகட்டுக் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற பொட்டி மட்டும்தான். பேட்டரி இல்லன்னா, வெளிய கரண்ட் போனா இதுவும் சேந்து நின்னுரும் ஆன்ட்டி. நான் அப்பவே அங்கிள்கிட்ட சொன்னேன். நீங்க அவர்கிட்டயே கேளுங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினேன். என் கணவர் என்னைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டு திரும்பவும் பேசினார். "தகடு இருபத்தஞ்சு வருஷம் வரும்ங்குறான். அது ஒனக்கு ஒதவும், பில்லு கட்ட வேணாம். பேட்டரி எனக்கு மட்டும்தானே. நான் போன பொறவு அது எதுக்கு ஒனக்கு? அவனத் திட்டாத. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கெஞ்சுனேன்."

இத்தனை மாதமும் அடுத்த மழைக்கு அவரை எப்படிக் காப்பாற்றுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் தான் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதையும் பிஸ்கட் தின்றுகொண்டே பேசி முடித்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்தது, அழுகையில் இன்னும் ஆத்திரம் வந்தது.

"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?" என்றான் போனில். "பேட்டரிக்கு வயரெல்லாம் அன்னிக்கே இழுத்து விட்டுட்டேன். வாங்கி மாட்டுனா போதும்."

"மாட்டு. இந்த வாரமே கொண்டாந்து மாட்டு. அது எத்தன வருஷம் வரும்?"

"பத்து வருஷம் கேரண்டி ஆன்ட்டி."

நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "கேட்டுச்சா? பத்து வருஷம். அதுக்கு முன்னாடி எங்கயாவது போனீங்க, அப்புறம் நான் பொல்லாதவளா ஆயிருவேன்."

அவர் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. "பத்துன்னு சொல்லுங்க" என்றேன். அவர் சொல்கிறவரை கட்டிலை விட்டு நகரவில்லை.